மீனம்பாக்கத்தில் நின்றுபோன பெட்டிகள்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் பெட்டிகள் ஜெர்மனிக்குத் தாமதமாகப் போய்ச் சேர ஆரம்பித்தபோது, யாரோ நடுவழியில் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலாளிக்கு முதலில் தோன்றியது. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, பம்பாயில் மாற்றி ஏற்றத் தாமதமாகிறது என்று மெட்ராஸிலிருந்து சொன்னதெல்லாம் அவருக்கு வெறும் சாக்கு.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நாங்கள் செய்தது ஷூவின் மேல்பாகம் மட்டும். அப்பர் என்போம். அடிப்பாகம் ஒட்டுவதெல்லாம் ஜெர்மனியில். வழக்கமான சரக்கு கப்பலில் போகும். சீசனுக்கு முன்னால் காட்டவேண்டிய சாம்பிளும் அவசர ஆர்டரும் மட்டும் மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் போகும். ஏற்றுமதிப் பிரிவு என்று போர்டு மாட்டிய அறையில் நான், ஒரு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன், அவ்வளவுதான். குடியாத்தத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவேன். பெண்கள் நிறையப் பேர் தையல் பிரிவில் இருந்தார்கள்; ஆபீஸில் நான் ஒருத்திதான்.

முதலாளியின் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. எங்களிடம் பல வருஷம் தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் விலகிப்போய், பைபாஸ் பக்கம் ஒரு சின்ன கொட்டகையில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் ஆள் ஒரு தடவை வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக, அந்த மாஸ்டருடைய சாம்பிள் எங்களுடையதற்கு முன்பே வந்துவிட்டது என்றும், இரண்டும் ஒரே மாதிரி வார் வைத்த டிசைன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பொட்டி எங்கியோ தூங்குது. அவன் பொட்டி முன்னால போவுது. ரெண்டுலயும் ஒரே மாடல். இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

 பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை.

மறுநாளே ஒரு தச்சரை வரவழைத்தார். அதுவரை அட்டைப்பெட்டிகளில் போன சரக்கு, இனி மரப்பெட்டியில் போகவேண்டும். கனமான பலகை, நாலு பக்கமும் இரும்புப் பட்டை, ஆணி தலை தெரியாமல் அடித்திருக்க வேண்டும். நாலைந்து அட்டைப்பெட்டிச் சரக்கு ஒரே மரப்பெட்டியில் அடங்கும்படி பெரிதாகச் செய்யச் சொன்னார். ஒரே பெட்டியாக இருந்தால் கண்காணிப்பது சுலபம் என்பது அவர் கணக்கு. முதல் பெட்டி தயாரானபோது அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. அவருக்கு அன்று முழுதும் நல்ல மனநிலை.

மெட்ராஸில் எங்கள் சரக்கை கஸ்டம்ஸில் காட்டி விமானத்தில் ஏற்றிவிடும் ஏஜென்ட் ஐம்பது வயதைத் தாண்டியவர். முகம் பார்த்ததில்லை, டிரங்க் காலில் குரல்தான் பழக்கம். மரப்பெட்டி போன இரண்டாவது தடவையே அவர் பேசினார்.

"ஏம்மா, இன்னா இது, பீரோ மாதிரி அனுப்புறீங்க? பொட்டி ரொம்பப் பெருசும்மா. பழையபடி அட்டையிலயே அனுப்பச் சொல்லு."

அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். 

"அட்டைன்னா பிரிக்கறது ஈஸி. அதான் கேக்கறான்," என்றார். பிறகு, "நீ இன்னா சொன்னே?" என்று கேட்டார்.

"சொல்றேன்னு சொன்னேன்."

"ம்," என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டிகள் இன்னும் தாமதமாயின. முன்பு எப்போதாவது நடந்தது இப்போது ஒவ்வொரு தடவையும் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தந்திகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுருக்கமாக, முந்தியதைவிடக் கோபமாக இருந்தன. முதலாளி ஏஜென்டை மாற்றினார். பழையவர் நேரில் பேசவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து ஆம்பூருக்கே வந்தார். அன்றுதான் அவரைப் பார்த்தேன். கதர்ச் சட்டையும் முழுக்கால் சட்டையுமாக, ஒல்லியான மனிதர். முதலாளி உள்ளேதான் இருந்தார். ஆனால் இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் மேஜைக்கு எதிரே சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

"உங்க செருப்பைப் பிரிச்சுப் பாத்து நான் இன்னாம்மா பண்ணப் போறேன்? என் காலுக்கு இதுவே போதும்," என்று தன் காலைக் காட்டிவிட்டுப் போனார். தேய்ந்த ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

அவர் வந்துபோன வாரத்தில் ஒரு சாயங்காலம், கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். தையல் பிரிவுப் பெண்களைச் சோதிப்பது உண்டு. தோல் துண்டு, நூல்கண்டு எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பார்கள். ஆபீஸ்காரர்களை யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. 

"எல்லாரையுமா?" என்று கேட்டேன்.

வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்களத்தான் பாக்கச் சொன்னாங்க," என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அழுகை வரவில்லை. அதற்குப் பதில் மூளை வேறு வேலை செய்தது. டிசைனை வெளியே கொடுத்தது நான் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் யார்? வேன் டிரைவரா? அவர் அந்த மாஸ்டருடைய கொட்டகை வாசலில் டீ குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். டிசைன் வரைகிற பையனா? அவன் கையில் புதுக் கடிகாரம் எப்படி வந்தது? மேல்பட்டி ஸ்டேஷன் வருவதற்குள் ஆபீஸில் எல்லோரையும் ஒரு சுற்றுச் சந்தேகப்பட்டு முடித்திருந்தேன். அடுத்த நாளிலிருந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். அவர்களும் என்னைக் கூப்பிடவில்லை. என் பையைச் சோதித்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு அதிகாரி வந்தார்.

வெள்ளை அம்பாசிடர், அரசாங்க நம்பர் பிளேட். அது கேட்டுக்குள் நுழைந்ததும் கம்பெனி முழுக்க ஒரு சத்தம் அடங்கி இன்னொரு சத்தம் கிளம்பியது. அலமாரிகள் பூட்டும் சத்தம். காரிலிருந்து இறங்கியவர் என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குள். காட்டன் புடவை, தோளில் ஒரு பை. மெட்ராஸ் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னார். இங்கிருந்து புறப்படுகிற ஒரு பெட்டி எந்தெந்த ஊருக்கு எத்தனை நாளில் போகிறது, வழியில் எங்கே நிற்கிறது என்று கணக்கெடுக்கிறாராம். தோல் ஏற்றுமதி செய்கிற ஊர்களையெல்லாம் சுற்றி வருகிறாராம்.

முதலாளி சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

"எல்லாம் நேரத்துக்குப் போவுது மேடம். ஒரு பேஜாரும் இல்ல," என்றார்.

நான் அறை மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று காலைதான் ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வந்து, அவர் அதைக் கசக்கி எறிந்திருந்தார்.

அந்த அம்மா டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ராணிப்பேட்டையிலும் இதையேதான் சொன்னாங்க. வாணியம்பாடியிலும் சொன்னாங்க. உங்க எல்லாருடைய பெட்டியும் என் ஷெட்டிலேயேதான் சார் கிடக்குது. நான் தினம் பார்க்கிறேன்."

முதலாளியின் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு என்னை வெளியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இது இன்கம்டாக்ஸ். இல்லாட்டி அந்த மாஸ்டர் அனுப்பின ஆளு. கூடவே இரு. எங்க போனாலும் போ. இன்னா கேட்டா, இன்னா எழுதினா, எல்லாம் எனக்கு வந்து சொல்லணும்."

என்னை நம்பாதவர் என்னையே வேவு பார்க்க அனுப்பியது எனக்கு விசித்திரமாக இருந்தது. அப்புறம் இன்னொன்று தோன்றியது: ஒருவேளை இந்த அம்மாவே என்னைச் சோதிக்க முதலாளி ஏற்பாடு செய்த ஆளாக இருந்தால்? அந்த அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டேன், அவர் வாயால் ஒரு முறை, என் மனசுக்குள் ஒரு முறை.

அன்று அவர் பார்த்த மற்றக் கம்பெனிகளுக்கும் கூடப் போனேன். எல்லா இடத்திலும் அதே டீ, அதே பதில். மத்தியானம் காரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் நேராகவே கேட்டார்.

"என்னைப் பார்த்துக்கத்தானே உங்களை அனுப்பினாங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "ஆமா மேடம்," என்றேன்.

"நல்லது. என் ஆபீஸிலும் என்னை நம்பல. கம்பெனிக்காரங்களோட சேர்ந்துக்கிட்டு ஏர்லைன்ஸை மாட்டிவிடப் பார்க்கிறேனாம். நீங்க பார்க்கிறதை எல்லாம் தாராளமா உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "மெட்ராஸிலிருந்து விமானம் எத்தனை ஊருக்குப் பறக்குதுன்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம். ஒரு விமானத்திலிருந்து இறங்கின பெட்டி அடுத்த விமானத்தைப் பிடிக்குதா, விட்டுடுதா? விட்டுட்டா எத்தனை நாள் காத்திருக்குது? அதை யாருமே அளந்ததில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதனால உங்க பெட்டி ஒண்ணோட நானே கூடப் போறேன். நீங்களும் வாங்க."

முதலாளி இதற்கு உடனே சம்மதித்ததுதான் எனக்கு ஆச்சரியம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். "கண்ணை எடுக்காதே," என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் கிளம்பினோம். வேனில் டிரைவர் பக்கத்தில் நான். பின்னால் அந்த ஒற்றை மரப்பெட்டி. அதன் பின்னால் அம்பாசிடரில் அந்த அம்மா. வேலூர், ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வழி நெடுக டிரைவரைக் கவனித்துக்கொண்டே போனேன். அவர் காவேரிப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினார். நானும் இறங்கி, பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டே டீ குடித்தேன்.

"இன்னாக்கா, என்னையே பாக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். அவர் டீயைப் பாதியில் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினார். 

மீனம்பாக்கம் சரக்கு ஷெட் நான் நினைத்ததைவிடப் பெரியது. தோல் வாசனை அங்கேயும் இருந்தது. அதோடு மல்லிகைப் பூ, மீன், மருந்து என்று எல்லா வாசனையும் கலந்து வந்தது. எங்கள் புதிய ஏஜென்டின் ஆள் பெட்டியை எடை போட்டான், கஸ்டம்ஸில் காட்டினான், முத்திரை வாங்கினான். யாரும் பிரிக்கவில்லை. லேசாகத் திறந்துபார்க்கவும் இல்லை. நான் கண்ணை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் பம்பாய் விமானம் வந்து நின்றது. அந்த அம்மா எனக்கும் அனுமதி வாங்கியிருந்தார். கம்பிவேலியின் இந்தப் பக்கம் இருவரும் நின்றோம். பெட்டிகளை ஏற்றிய தள்ளுவண்டிகள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றன. முதலில் பயணிகளின் சூட்கேஸ்கள் ஏறின. பிறகு அட்டைப்பெட்டிகள். அவற்றில் சிலவற்றின் மேல் எங்கள் பழைய மாஸ்டருடைய கம்பெனியின் பெயர் இருந்ததைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன்.  கடைசியாக எங்கள் மரப்பெட்டி. நாலு பேர் தூக்கினார்கள். கதவுவரை போனது. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் கையை ஆட்டினார். பெட்டி இறங்கியது. தள்ளுவண்டி அதை மட்டும் சுமந்துகொண்டு எங்கள் பக்கமாகத் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா மேடம்! அவன் பெட்டி ஏறிடுச்சு. நம்மளதை வேணும்னே எறக்கிட்டாங்க. பணம் குடுத்திருக்கான்," என்று நான் கத்தினேன். முதலாளியின் குரல் என் வாயிலிருந்து வந்தது போலிருந்தது.

 அவர் பையிலிருந்து ஒரு அளவு டேப்பை எடுத்தார். தையல்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பதுபோல் சாதாரண டேப். திரும்பி வந்த பெட்டியைச் சுற்றி அளந்தார். அந்த விமானத்தின் கதவு அளவு அவருக்கு மனப்பாடம். என்னையே பிடிக்கச் சொல்லி இன்னொரு முறை அளந்தார். பெட்டி கதவைவிட அகலம். அவ்வளவுதான் விஷயம்.

"பெரிய விமானம் வர்ற நாளில் இது ஏறிடும்," என்றார். "ஆனா அது தினமும் வர்றதில்ல. அதுக்குக் காத்திருந்து பம்பாய் போனா, அங்கிருந்து ஐரோப்பா போற விமானம் முந்தின நாளே கிளம்பியிருக்கும். அடுத்ததுக்கு மறுபடி காத்திருக்கணும். உங்க முதலாளிகிட்ட இதை யாருமே சொல்லலையா?"

சொன்னார்கள். பழைய ஏஜென்ட் சொன்னார். என் காதில்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வேலை போனது. புதிய ஏஜென்டின் ஆளைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். பெட்டி பெருசுன்னு சொன்னதுக்குத்தான் பழைய ஏஜென்டை நிறுத்தினாங்கன்னு எங்க சார் சொன்னாரு. வாயைத் தொறக்காதேன்னுட்டாரு."

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். மாஸ்டருடைய பெட்டிகள் சின்னவை, மரப்பெட்டி செய்ய அவருக்கு வசதியில்லை, அதனால்தான் அவை எல்லா விமானத்திலும் ஏறுகின்றன என்று சொன்னேன்.

"டேப் யாருது?" என்றார்.

"மேடத்துது."

"அதுல அளவு கரெக்டா இருக்கும்னு இன்னா நிச்சயம்?"

 ஆனால் மனிதர் முட்டாள் இல்லை.  இரண்டு நாள் கழித்து, ஒரே சமயத்தில், ஒரே நாளில், ஒரு மரப்பெட்டியும் சில அட்டைப்பெட்டிகளும் அனுப்பச் சொன்னார். அட்டைப்பெட்டிகள் போய்ச் சேர்ந்து, ஜெர்மன்காரர்கள் நன்றி சொல்லித் தந்தி கொடுத்தபோது மரப்பெட்டி இன்னும் பம்பாயில் இருந்தது. தந்தியைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தச்சர் வரவில்லை.

டிசைன் விஷயமும் அதே சீசனில் தெளிந்தது. ஜெர்மன் கம்பெனியின் ஆள் மறுபடி வந்தபோது முதலாளி கேட்டேவிட்டார். இரண்டு கம்பெனிக்கும் ஒரே படத்தைக் கொடுத்தது தங்கள் கம்பெனிதான், யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்க்க, என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். முதலாளி "அச்சா, அச்சா," என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலமும் வாட்ச்மேன் என் பையைத் திறக்கச் சொன்னார்.

"இன்னும் எதுக்கு?" என்றேன்.

"வேணாம்னு யாரும் சொல்லலியேம்மா," என்றார் அவர், பாவமாக.

அந்த அதிகாரி அம்மா சில மாதம் கழித்து ஆம்பூரில் ஒரு கூட்டம் போட்டார். முதலாளிகள் எல்லோரும் வந்து, ஒருவருக்கொருவர் இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பம்பாயில் ஐரோப்பா விமானம் பிடிக்கத் தோதான நாளில் எல்லோரும் சேர்ந்து சரக்கு அனுப்பினால், அன்று தோலுக்கென்றே இடம் ஒதுக்கச் சொல்லி ஏர்லைன்ஸைக் கேட்கலாம் என்றார். யார் எவ்வளவு அனுப்புவீர்கள் என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமே! கூட்டம் சமோசாவோடு முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ரகசியமாக, அவருக்குப் போன் செய்து தங்கள் அளவைச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முதலாளிக்காக அந்த போனைப் போட்டுக் கொடுத்தது நான். இடம் ஒதுக்கப்பட்டது. பெட்டிகள் பம்பாயில் தங்குவது வெகுவாகக் குறைந்தது. யார் முயற்சியால் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

நான் வேலையை விட்டேன். பெட்டி பிரச்சினை தீர்ந்தபிறகும் தினமும் கேட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட என்னால் முடியவில்லை. பழைய ஏஜென்டின் பாரிமுனை ஆபீஸில் ஆள் தேவை என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார். சேர்ந்தேன். அது தெரிந்ததும் முதலாளி ஆபீஸில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா, நான் அப்பவே சொல்லல?" என்றாராம். டிசைன் வரைகிற பையன்தான் எனக்கு இதைச் சொன்னான். புதுக் கடிகாரம் அவனுடைய மாமனார் போட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெஜமா நீ ஒண்ணும் பண்ணலியேம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி தறி ஓடத் தொடங்கியது, கொஞ்சம் தாமதமாக.

பாரிமுனையிலும் முதல் சில மாதம் சுலபமாக இல்லை. ஏஜென்ட் நல்ல மனிதர். ஆனால் ஆம்பூரிலிருந்து நான் ஏன் வந்தேன் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. முதலாளி அனுப்பிய ஆளாக இருக்குமோ என்று நினைத்தார். நான் உள்ளே வரும்போதெல்லாம் மேஜை டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மீனம்பாக்கத்தில் வாணியம்பாடிச் சரக்கு ஒன்று நனைந்துவிட்டதாகப் போன் வந்தது. அவர் பதறி எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, "பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டு ஓடினார். டிராயர் திறந்திருந்தது. சாவிக் கொத்து மேஜை மேலேயே கிடந்தது. நான் எழுந்துபோய் டிராயரைச் சாத்திவிட்டு, வாணியம்பாடிக்கு டிரங்க் கால் புக் செய்தேன்.